வாசிக்காமல் விட்ட ஏழு பெயர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மடிக்கணினியின் உள்ளுறுப்புகளைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பட்டறையில் கேட்டார்கள். எழுதலாம். ஓய்வெடுத்தபின் எனக்கு வேறென்ன வெட்டிப் பிடுங்குகிற வேலை இருக்கிறது? ஆனால் திரை இது, விசைப்பலகை இது என்று படம் போட்டு விளக்க நான் தேவையில்லை. உங்கள் கைப்பேசி அதை என்னைவிட நன்றாகச் சொல்லும். ஒரு மடிக்கணினியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஆறேழு சாமான்கள். திரை, விசைப்பலகை, மதர்போட், அதில் மூளைச் சில்லு, நினைவகம், வன்தட்டு, பற்றரி. எது பழுதானாலும் கடையில் வாங்கி மாற்றலாம். திறக்கிற ஆளின் புத்தி பழுதானால் எந்தக் கடையில் வாங்குவீர்கள்? எனக்கு எழுதத் தெரிந்தது அதைப் பற்றித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் உங்களில் ஒருவர் என் கருவிப் பெட்டியைத் துப்புரவு செய்யப் புறப்பட்டு, உள்ளே துணியில் சுற்றியிருந்த மருந்துக் குப்பியைக் கண்டு, திகதி முடிந்துவிட்டதே, எறியட்டுமா என்று கேட்டார். நான் அதைப் பறித்துக்கொண்டு கண்டபடி ஏசிவிட்டேன். பாவம், முகம் கறுத்துப் போனது. அவருக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

என் பெயர் யசிந்தா. யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்ப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போனவர். வலை பின்னிய கைக்குக் கம்பி பின்னவும் வரும் என்று சொல்லித்தான் என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே அலுவலக இயந்திரங்கள் திருத்தும் ஒரு பட்டறையில் தொழில் பழகினேன். சேர்ந்த மூன்றாம் மாதம் ஓர் இயந்திரத்துக்கு மின் கொடுக்கும்போது நேர் எது எதிர் எது என்று பார்க்கவில்லை. போன கிழமை திருத்தியதும் இப்படித்தானே என்ற நினைப்பில் செருகிவிட்டேன். சின்னதாக ஒரு சத்தம், பிறகு மணம். எரிந்த சில்லின் மணம் ஒருமுறை மூக்கில் ஏறினால் இலேசில் இறங்காது. அங்கே தலைமைத் திருத்துநராக இருந்த சிங்களவர் என்னை ஏசவில்லை. கருகிய பலகையை என் மேசையில், நான் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கிற இடத்தில் வைத்து, ஒரு மாதம் எடுக்க விடவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழரைத் தேடி அடிக்கிற கூச்சல் தெருவில் கேட்டபோது, அதே மனிதர்தான் பட்டறையிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் மூவரையும் களஞ்சிய அறைக்குள் விட்டு வெளியே பூட்டினார். கதவிடுக்கால் பார்த்தேன். அவருடைய கை வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். கை நடுங்கலாம், பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் விடக்கூடாது என்று அன்று எனக்கு விளங்கியது. விளங்கியது என்றுதான் நினைத்திருந்தேன். சில நாட்களில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன்.

இனி நடந்த கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருந்தல், கிடைப்பதே அரிது. ரோச் லைட்டுக்குப் போடும் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். யாரிடமாவது இரண்டு கட்டை இருந்தால் அது உயிர் போகும்வரை விடமாட்டார்கள். சக்தி இறங்கியதும் எடுத்துக் கூரைத் தகரத்தில் வெயில் படக் காயவைப்பார்கள். பின்னேரம் திரும்பப் போட்டால் வானொலி செய்தி முடியுமட்டும் முனகும். யார் வீட்டுக் கூரையைப் பார்த்தாலும் மிளகாய்க்குப் பக்கத்தில் பற்றரி காயும். நீங்கள் சிரிப்பீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

குருநகரில் ஷெல் விழத் தொடங்கியதும் நானும் என் பெரியக்கா பிலோமினாவும் சாவகச்சேரிப் பக்கம் போய் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். பெரியக்காவுக்குச் சலரோகம். குளிசையால் அடங்காது, தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடவேண்டும். காலையில் இருபத்து நான்கு, பின்னேரம் பன்னிரண்டு. கண்ணாடிச் சிரிஞ்சை அவித்து நான்தான் போடுவேன். குளிர்சாதனப் பெட்டி ஏது? ஈரமணலுக்குள் சின்ன முட்டியைப் புதைத்து அதற்குள் மருந்துக் குப்பியை வைப்போம். அப்போது எங்களிடம் இருந்தது ஒரேயொரு குப்பி. மூன்று கிழமைக்குக் காணும், இருபத்தொரு நாள். அதற்குப் பிறகு இல்லையென்றால் பெரியக்கா இல்லை. இவ்வளவுதான் கணக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தவராசா அண்ணை சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். அளவெட்டிக்காரர். சாவகச்சேரியில் இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தில் களஞ்சியம் பார்த்தவர். அந்த அலுவலகத்தின் தட்டச்சு இயந்திரங்களை நான் திருத்திக் கொடுப்பதுண்டு. லப்டொப் எழும்பவில்லை, மிஸி உடனே வரச் சொன்னார் என்றார். வழக்கமாக வாயோயாமல் கதைக்கிற மனிதர் அன்று என் முகத்தைப் பாராமலே சைக்கிளை மிதித்தார். 

மிஸி என்பது ஓய்வுபெற்ற தாதி ஒருவர். எங்கள் பக்கத்தில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த அலுவலகத்தின் இன்சுலின் பதிவு அவருடைய பொறுப்பு. போனதும் விசயத்தைச் சொன்னார். மருந்துக் கப்பல் அடுத்த கிழமை பருத்தித்துறைக்கு வருகிறது. இன்சுலின் வேண்டியவர்களின் பெயரும் அளவும் எழுதிய பட்டியல் இன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் வாகனத்தில் போகவேண்டும். பட்டியலில் இல்லாத ஆளுக்கு மருந்து இல்லை. அதற்கடுத்த கப்பல் எப்போது என்று கடவுளுக்கே தெரியாது. பதிவுக் கொப்பி, நகரத்திலிருந்த பழைய அலுவலகத்தோடு எரிந்துபோனது. ஆட்களோ திக்குத் திக்காக இடம்பெயர்ந்துவிட்டார்கள், பலருடைய கிளினிக் அட்டை வீட்டோடு போனது. மிச்சம் இருப்பது அந்த மடிக்கணினி ஒன்றுதான். அதற்குள் தொண்ணூற்று நான்கு பேர்.

அதில் ஒரு பெயர் என் பெரியக்காவினுடையது என்று மிஸிக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் என்னை நம்பி இயந்திரத்தைத் தரமாட்டார்களோ என்று பயந்தேன். முதல் பிழை அதுதான். உங்கள் சொந்தக்காரரின் உயிர் இருக்கிற இயந்திரத்தைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்கிற ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத் திறவுங்கள். கை நடுங்கும்போது அவர் பிடிப்பார்.

இயந்திரத்தை மேசையில் கவிழ்த்துப் பற்றரி மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சக்தி இறங்கிய பற்றரி இப்படிப் பொங்காது. நான் தவராசா அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"வெயிலிலை வைச்சனான் பிள்ளை," என்றார். "மூண்டு நாள். தகரத்துக்கு மேலை."

நகரத்து அலுவலகத்தில் குண்டு விழமுன்னர் அந்த இயந்திரத்தை எடுத்துப்போய், உடுவிலில் ஒரு சொந்தக்காரர் வளவில், றங்குப்பெட்டிக்குள் வைத்து மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவர் அவர்தான். ஆறு கிழமை கழித்துத் தோண்டியெடுத்தால் பற்றரி செத்துக் கிடந்திருக்கிறது. ஊரெல்லாம் செய்கிற வைத்தியத்தை அவரும் செய்திருக்கிறார். கொதிக்கிற தகரத்தில் மூன்று நாள் கிடந்து, உறை வெடித்து, உள்ளிருந்த காரத் திரவம் கசிந்துவிட்டது. அதைத் திரும்பவும் உள்ளே போட்டதும் மதர்போட் வரை ஊறியிருக்கிறது.

ஏச வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டேன். அன்று காலை எங்கள் மண்டபத்துக் கூரையில் வானொலிப் பற்றரி இரண்டைக் காயவைத்துவிட்டு வந்தவள் நான். அந்த மனிதரை ஏச எனக்கு என்ன யோக்கியதை? அதோடு, ஏசினால் அவர் விலகிப் போவார். எனக்கோ அவருடைய இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அந்தக் கசிவு காரம் என்பதால் புளிப்புக்கு அடங்கும். தேசிக்காய் கேட்டேன். மிஸி ஓடிப்போய் இரண்டு கொண்டுவந்தார். இயந்திரத்தை முழுதாகப் பிரித்து, தேசிப்புளியைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு மிஸியின் ஸ்பிரிட்டால் துடைத்தேன். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் சுத்தம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காரம் தின்றுகொண்டுதான் இருக்கும். நினைவகம் தப்பியிருந்தது. திரைக்குப் போகும் கம்பி தப்பியிருந்தது. வன்தட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் அதன் வகை இலக்கம் இருந்தது. கொழும்புப் பழக்கத்தில், மூடமுன்னர் அதை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

இருவரிடமும் ஒன்று சொன்னேன்.

"மிஸி, இது ஒருக்கால்தான் எழும்பும். நிண்டால் பிறகு எழும்பாது. இடையிலை என்ன நடந்தாலும் நிப்பாட்டேலாது."

மிஸி தலையாட்டினார். மணி பத்தேமுக்கால்.

மின்சாரத்துக்குக் கார் பற்றரி ஒன்று இருந்தது. அதில் எவ்வளவு மிச்சம் என்று ஒருவருக்கும் தெரியாது. செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நேர், எதிர் காட்டும் சின்னப் படம் ஒன்று அழுக்கு மூடிக் கிடந்தது. சுரண்டிப் பார்த்தேன். நான் வழக்கமாகக் காண்பதற்கு நேர்மாறு, நடுவில் எதிர். பழக்கத்துக்குச் செருகியிருந்தால் அந்த மணம் அங்கேயும் வந்திருக்கும். கருகிய பலகையோடு ஒரு மாதம் சோறு தின்றது வீண்போகவில்லை. ஒரு கம்பியைப் பற்றரிக் கொம்பில் இறுக்கிக் கட்டினேன். மற்றதற்குக் கவ்வி இல்லை. தவராசா அண்ணை நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தக் கம்பியைக் கொம்பில் கையால் அழுத்திப் பிடித்தார்.

ஆளியைப் போட்டேன். திரை மங்கலாகத் தெளிந்தது. தெளிந்ததும் வன்தட்டு என்று ஒன்றே இல்லை என்று காட்டியது. மிஸி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பயப்பட வேண்டாம் என்றேன், அவருக்கா எனக்கா தெரியாது. மதர்போட்டில் ஒரு குட்டிப் பற்றரி உண்டு, நேரத்தையும் வன்தட்டின் வகையையும் நினைவில் வைத்திருப்பது. அது செத்தால் இயந்திரம் தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதையே மறந்துவிடும். மறதி வேறு, சாவு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ நல்ல வன்தட்டுகளைத் துடைத்து எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

உள்ளங்கையைப் பார்த்தேன். வியர்வையில் இலக்கத்தின் கடைசி எண் கரைந்திருந்தது. மூன்றா, எட்டா? கண்ணை மூடி அந்தத் தாளை நினைத்துப் பார்த்தேன். பிழையான இலக்கத்தைக் கொடுத்தால் வாசிக்காது, எதையும் எழுதவிட்டால்தான் கெடும், ஆகவே எழுத விடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு எட்டை அழுத்தினேன். வன்தட்டு ஒருமுறை முக்கியது. இன்னொருமுறை முக்கியது. ஆறு கிழமை மண்ணுக்குள் கிடந்த மோட்டர். மூன்றாம் முறை சுழலத் தொடங்கியது. பட்டியல் திரையில் வந்தது.

இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டும். நெகிழ்தட்டில் பிரதி எடுக்கலாம். எடுத்து? அதைப் போட்டுப் பார்க்க மத்தியானத்துக்குள் இன்னொரு கணினிக்கு எங்கே போவது? அச்சிடும் இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும், அது பழுது. ஆகவே நான் சத்தமாக வாசிப்பது, மிஸி கையால் எழுதுவது. மூன்று பேரும் அந்த இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி ஆனோம். ஒருவர் எழுந்தாலும் வேலை நின்றுவிடும்.

பெயர், வயது, காலை அளவு, மாலை அளவு. திரையில் ஒரு தடவைக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள். அடுத்த பத்துக்கு வன்தட்டு முனகும். முதலாம் இலக்கத்திலிருந்து ஒழுங்காக வாசித்தேன். நிமிடத்துக்கு இரண்டு பெயர், சிலவேளை மூன்று. முப்பத்தெட்டாவது பெயர் வாசிக்கும்போது குண்டு போடும் விமானம், பொம்மர், வந்தது.

அந்தச் சத்தத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, அனுபவிக்காதவர்களுக்கு விளக்க முடியாது. முதலில் நாய்கள் குரைக்கும். பிறகு சனம் ஓடும் சத்தம். பிறகு வானம் கிழிகிற மாதிரி ஓர் இரைச்சல், அது உங்கள் தலையைத்தான் தேடி வருகிறது என்று தோன்றும். பதுங்கும் பங்கர் குழி பின்வளவில், இருபது கெஜத் தூரத்தில்.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ," என்றேன்.

"கம்பியை ஆர் பிடிக்கிறது?" என்றார் தவராசா அண்ணை.

மிஸி பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவேயில்லை. "நீ வாசி," என்றார்.

நான் வாசிக்கவில்லை. பிள்ளைகள், இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். பொம்மர் பதிந்து இறங்கிய அந்த நேரம் எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான் வந்தது. இப்போது எல்லாம் முடியப்போகிறது, பெரியக்காவின் பெயர் இன்னும் தாளில் ஏறவில்லை. முப்பத்தெட்டில் விட்டுவிட்டுக் கீழே போனேன். அவர் எத்தனையாவது என்று எனக்குத் தெரியாது. பத்துப் பத்தாகத் தள்ளினேன். ஒவ்வொரு பத்துக்கும் அந்த வன்தட்டு முக்கி முனகி எழும்ப, நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேடினேன். எங்கோ குண்டு விழுந்தது. மேசை குதித்தது. சுண்ணாம்புத் தூள் விசைப்பலகையில் கொட்டியது. தவராசா அண்ணை பிள்ளையாரே, பிள்ளையாரே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார், கை மட்டும் அசையவில்லை. எழுபத்தோராவது இடத்தில் கண்டேன். பிலோமினா, வயது நாற்பத்தாறு, காலை இருபத்து நான்கு, மாலை பன்னிரண்டு. உரத்து வாசித்தேன். மிஸி எழுதினார். ஏன் தாவினாய் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு மேலே வந்து முப்பத்தொன்பதைத் தேடிப் பிடித்தேன். பொம்மர் இன்னொருமுறை சுற்றிவிட்டுப் போய்விட்டது. வாசித்தேன். ஐம்பது, அறுபது. எழுபத்தொன்றைக் கண்டும் காணாதது போலத் தாண்டினேன். எண்பதுக்குப் பிறகு திரை மங்கத் தொடங்கியது. கண்ணைத் திரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசித்தேன். எண்பத்தேழாவது பெயரின் மாலை அளவைச் சொல்லி முடித்தேன், வன்தட்டு பெருமூச்சு விட்ட மாதிரி நின்றது. திரை கறுத்தது.

தவராசா அண்ணை கம்பியை விடாமல் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் கம்பி ஆழமாகப் பதிந்திருந்தது.

திரும்ப எழுப்பப் பார்த்தேன். எழும்பவில்லை. பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் பற்றரியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்தும் பார்த்தோம். காரம் உள்ளே தின்று முடித்திருந்தது. பிறகு வன்தட்டைக் கழற்றிக் கொழும்புக்கும் அனுப்பினார்கள். அது சுழலவில்லை என்று சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அன்று பன்னிரண்டு மணிக்கு வாகனம் வந்து ஹோர்ன் அடித்தது. எண்பத்தேழு பெயர் போனது. ஏழு பெயர் இயந்திரத்துக்குள் நின்றுவிட்டது.

மிஸி என் தோளில் தட்டி, நீ இல்லாவிட்டால் ஒன்றுமே போயிருக்காது என்றார். தவராசா அண்ணை தான் பற்றரியைக் காயவைத்ததால்தான் ஏழு பேர் போனார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவரைத் தடுக்கவில்லை. அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு வெட்கமான இடம் அதுதான்.

பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து, சிரிஞ்சை அவிக்க வைத்துவிட்டுப் பெரியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீரக்கதை சொல்வது போலத்தான் தொடங்கினேன். பொம்மர் பதிய, நான் அசையாமல் இருந்து உன் பெயரைத் தேடிப் பிடித்து வாசித்துவிட்டேன், இனிப் பயமில்லை என்றேன். பெரியக்கா சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானே எனக்கு நாளாந்தம் ஊசி போடுறனீ," என்றார். "என்ரை பேரும் அளவும் உனக்குத் தெரியாதோ? பிறகேன் அதுக்குள்ளை பார்த்தனீ?"

 அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது. மூன்று வருடமாகத் தினம் இரண்டு தரம் என் கையால் அளந்த அளவு. கண்ணை மூடிக்கொண்டு மிஸியிடம் சொல்லியிருக்கலாம். வாகனம் வந்தபிறகும் சொல்லியிருக்கலாம். உலகத்தில் அந்த இயந்திரம் தேவைப்படாத ஒரே பெயர் அதுதான். அதைத் தேடிக் கீழே போய் மேலே வர எனக்கு மூன்று நிமிடம் பிடித்திருக்கும். மூன்று நிமிடம், ஏழு பெயர்.

"அவையைத் தேடிப் பிடி," என்றார் பெரியக்கா. 

அடுத்த நாள் விடிந்ததும் மிஸியிடமும் தவராசா அண்ணையிடமும் உள்ளதைச் சொன்னேன். மிஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவராசா அண்ணை மட்டும், "எனக்கும் ஒரு அக்கா இருந்தவ, பிள்ளை," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கடைசி ஏழு பேரும் நகரத்து அலுவலகம் கைவிடப்படுவதற்குச் சற்று முன்னர் பதிந்தவர்கள், ஆகவே ஒருவருக்கும் சரியாகத் தெரியாதவர்கள். மிஸிக்கு மூன்று பேரின் முகம் நினைவிருந்தது, அவர்கள் இருந்த முகாமும் நினைவிருந்தது. நகரத்து அலுவலகத்தில் கடைசியாக இன்சுலினுக்குப் பதிந்தவர்கள் வரவேண்டும் என்று ஞாயிறு பூசையில் கோயில் கோயிலாக அறிவித்தார்கள். சந்தையில் தவராசா அண்ணை தொண்டை கட்டும்வரை கேட்டுக்கொண்டு திரிந்தார். ஞாயிறு பொழுதுபடுமுன் ஆறு பேர் கிடைத்தார்கள். திங்கட்கிழமை அவரே அந்த ஆறு பெயரையும் பருத்தித்துறைக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார்கள்.

ஏழாவது ஆள் கிடைக்கவில்லை. மிஸிக்கு அவரைப் பற்றி நினைவிருந்தது இவ்வளவுதான். வயதான மனிதர். நீலக் கோடு போட்ட சாரம் கட்டியிருந்தார். தனியாக வந்தார், கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மருந்து வந்தது. பெரியக்கா தன் பங்கில் ஒரு குப்பியை எடுத்து முட்டிக்குள் தனியாக வைத்தார். அது அந்த ஐயாவுக்காம். வந்தால் கொடுக்க வேண்டுமாம். உனக்கே மட்டுமட்டு, பைத்தியமா என்று மிஸி ஏசினார். பெரியக்கா கேட்கவில்லை. ஒவ்வொரு முறை மருந்து வரும்போதும் பழைய குப்பியைத் தான் எடுத்துப் பாவித்துவிட்டு, புதியதை அந்த ஐயாவின் இடத்தில் வைப்பார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, நகரத்துச் சனம் முழுதும் மழைக்குள்ளால் நாங்கள் இருந்த தென்மராட்சிக்கு வந்தபோது, பெரியக்கா குப்பியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு றோட்டோரத்தில் இரண்டு நாள் நின்றார். நீலச் சாரம் கட்டிய கிழவர்களையெல்லாம் மறித்துச் சலரோகமா என்று கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர்கள் எங்களை விசரிகள் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ இயந்திரங்களைத் திறந்துவிட்டேன். பயம் போகவில்லை, போகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பயம் வரும்போது, நான் இப்போது தேடுவது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தில் நிமிடம் போய்க்கொண்டிருக்கும். தெரிந்ததை உங்கள் தலை வைத்திருக்கட்டும். தெரியாதவரின் பெயரை முதலில் வாசியுங்கள்.

பெரியக்கா பல வருடம் இருந்து, நோயில் அல்ல, முதுமையில் போனார். போகும்போது முட்டியில் இருந்த கடைசிக் குப்பியை என் கையில் தந்தார். அதைத்தான் என் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எறியட்டுமா என்று கேட்ட பிள்ளைக்குச் சொல்கிறேன், கோபிக்காதே. அது என்னுடையது இல்லை. உரிய ஆள் இன்னும் வரவில்லை.